கீமோ காலத்தில் குடல்: நாளைக் கணக்கிட்டுக் கவனிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது என்று நள்ளிரவில் மருத்துவமனையை அழைத்தால், அனுபவமுள்ள செவிலியரின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கடைசியாக மருந்து ஏற்றி இன்றைக்கு எத்தனையாவது நாள்?" அடுத்த கேள்வி, "காய்ச்சலை அளந்து பார்த்தீர்களா?" இந்த இரண்டுக்கும் சரியான விடை கிடைத்தால், வீட்டில் இருந்தபடியே சமாளிக்கக்கூடிய தொல்லை எது, விடியும்வரை காத்திருக்கக் கூடாதது எது என்பதை அவரால் பெருமளவு பிரித்தறிந்துவிட முடியும். மருந்து ஏற்றிய அன்றே வரும் பேதி, மூன்றாம் நாள் இறுகிப்போகும் மலம், பத்தாம் நாள் காய்ச்சலோடு சேர்ந்து வரும் வயிற்று வலி ஆகிய மூன்றும் குடலில் நிகழ்பவைதாம் என்றாலும், அவற்றின் காரணமும் வேறு, மருத்துவமும் வேறு, காத்திருக்கக் கிடைக்கும் நேரமும் வேறு. ஆகவே இந்த வழிகாட்டி நாட்கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

இங்கே சொல்லப்படும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கு உரியவை. உங்கள் மருத்துவக் குழு எழுத்தில் கொடுத்த அறிவுரை இதிலிருந்து மாறுபட்டால், அதையே பின்பற்றுங்கள்.

குடல் ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது

குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்படலம் ஏறத்தாழ 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகிறது. சுவரின் சிறு குழிகளில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, உணவுச் சத்தையும் நீரையும் உறிஞ்சும் வேலையைச் செய்து, பின் உதிர்ந்துவிடுகின்றன. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் இயல்பு என்பதால், புற்றுநோய்ச் செல்லோடு சேர்த்து முடிவேர், எலும்பு மச்சை, வாயின் உட்படலம், குடல் ஆகியவையும் அடிவாங்குகின்றன. புதிய செல்களின் வரத்து நின்றுபோன சில நாட்களில் குடல் படலம் மெலிந்து, உறிஞ்சும் திறன் குறைந்து, நீர் உள்ளேயே தங்கிப் பேதியாக வெளியேறுகிறது.

இதில் உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. குடலுக்குள் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியா இரத்தத்துக்குள் புகாமல் தடுப்பதும் இதே படலம்தான். அது மெலிந்திருக்கும் அதே வாரத்தில், எலும்பு மச்சையும் அடிபட்டிருப்பதால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வேலியும் சரிந்து காவலுக்கும் ஆளில்லாத தோட்டத்தின் நிலை அது. சாதாரண நாட்களில் ஒரு நாள் ஓய்வோடு தீர்ந்துபோகும் வயிற்றுக் கோளாறு கீமோ காலத்தில் உயிருக்கே ஆபத்தாக மாறுவது இந்த இரண்டும் ஒன்றுசேர்வதால்தான்.

முதல் படி: மருந்து தொடங்குமுன் இயல்பு நிலையை எழுதிவைத்தல்

வயிற்றுப்போக்கின் கடுமையை மருத்துவர்கள் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதில்லை; ஒருவருடைய வழக்கத்தைவிட எத்தனை முறை கூடியிருக்கிறது என்பதைக் கொண்டே அளக்கிறார்கள். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 4 முறைக்கும் குறைவாகக் கூடினால் முதல் நிலை, 4 முதல் 6 முறை கூடினால் இரண்டாம் நிலை, 7 முறையோ அதற்கு மேலோ கூடினாலும், அடக்க முடியாமல் போனாலும், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் மூன்றாம் நிலை, உயிருக்கு ஆபத்தானால் நான்காம் நிலை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மலம் கழிப்பவருக்கும் தினம் மூன்று முறை போகிறவருக்கும் "இன்று ஐந்து முறை" என்பது ஒரே பொருளைத் தராது. ஆகவே முதல் சுற்றுக்கு முந்தைய வாரத்தில், எத்தனை முறை, எப்படிப்பட்ட மலம், முக்க வேண்டியிருக்கிறதா என்பதை எழுதி வையுங்கள். வயிற்றில் திறப்பு வைத்துப் பை மாட்டியிருப்பவர்கள் ஒரு நாளில் பையை எத்தனை முறை காலி செய்கிறார்கள், ஏறத்தாழ எவ்வளவு என்பதைக் குறிக்க வேண்டும்.

மூலம், ஆசனவாய் வெடிப்பு, பழைய வயிற்று அறுவைச் சிகிச்சை, இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு, குடல் அழற்சி நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும், கூச்சம் பாராமல் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மூலத்தைப் பற்றி முதல் சந்திப்பில் பேசத் தயங்கியவர்கள், இரத்தத் தட்டணு குறைந்திருக்கும் நாளில் இரத்தக் கசிவோடு வந்து அதைச் சொல்ல நேர்கிறது.

5-ஃப்ளூரோயுராசில் அல்லது அதன் மாத்திரை வடிவமான கேப்சிடபின் எழுதப்பட்டிருந்தால், டிபிடி என்னும் நொதியின் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இம்மருந்தை உடலில் சிதைப்பது அந்த நொதியே. அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, வழக்கமான அளவு மருந்தே நஞ்சாகி முதல் சுற்றிலேயே கடும் பேதி, வாய்ப்புண், வெள்ளையணு வீழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டுவரும். ஐரோப்பிய மருந்து முகமை 2020-ஆம் ஆண்டில் சிகிச்சைக்கு முன்பே இச்சோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது. எல்லா இடங்களிலும் இது இன்னும் வழக்கமாகிவிடவில்லை. கேட்பதில் நட்டமில்லை.

இரண்டாம் படி: எந்த மருந்து, அது குடலை என்ன செய்யும்

"கீமோ போடுகிறார்கள்" என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது. மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் குடலோடு ஒரு தனிக் கணக்கு உண்டு.

இதில் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இரினோடிகான். இது இரண்டு வகையான பேதியைத் தருகிறது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதோ, 24 மணி நேரத்துக்குள்ளோ வருவது முதல் வகை. வியர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வடியும், வயிறு முறுக்கும், கூடவே பேதியும் வரும். நரம்பு வழியே நிகழும் இந்த விளைவுக்கு அட்ரோபின் ஊசி போட்டால் விரைவில் அடங்கிவிடும். 24 மணி நேரம் கடந்த பின் வருவது இரண்டாம் வகை. கல்லீரல் இம்மருந்தின் வீரியமான வடிவத்தோடு ஒரு சர்க்கரை மூலக்கூறைப் பிணைத்து, அதன் வீரியத்தை அடக்கிப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாவின் நொதியோ அந்தப் பிணைப்பை வெட்டி, மருந்தை மீண்டும் வீரியமாக்கிவிடுகிறது. குடல் படலம் நேரடியாக வெந்துபோவது இப்படித்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுபவர்களிடம் இந்தப் பேதி பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில் தலைகாட்டுகிறது. அது நிற்காமல் நீண்டால் வெள்ளையணு குறையும் நாட்களோடு சேர்ந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள கேடு. சர்க்கரையைப் பிணைக்கும் யூஜிடி1ஏ1 நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களுக்கு இரினோடிகானின் நச்சு விளைவுகள் கூடுதல்.

கேப்சிடபின் வீட்டில் விழுங்கும் மாத்திரை என்பதால், அதை நிறுத்தும் பொறுப்பும் ஓரளவு உங்கள் கையில் வந்துவிடுகிறது. வழக்கத்தைவிட 4 முறையோ அதற்கு மேலோ கூடிப் போனாலோ, இரவில் பேதி எழுப்பினாலோ, அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மருந்தை விட்டால் புற்றுநோய் வளர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் பேதியோடு பேதியாக மாத்திரையையும் விழுங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு; அவர்கள்தாம் மிக மோசமான நிலையில் வந்து சேர்கிறார்கள்.

வின்கிரிஸ்டின் இதற்கு நேர்மாறானது. குடலை அசைக்கும் நரம்புகளை அது மரத்துப்போகச் செய்வதால் மலச்சிக்கலும், சில வேளைகளில் குடலே அசைவற்று நின்றுபோகும் நிலையும் உண்டாகின்றன. மலம் பெருங்குடலின் மேற்பகுதியில் இறுகிக்கொண்டு, மலக்குடலைப் பரிசோதிக்கும்போது காலியாக இருப்பதும் உண்டு. வலி இருக்கிறது, விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். இம்மருந்து பெறுபவர்களுக்கு மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தொடங்குவது நல்ல வழக்கம்.

பெவாசிசுமாப் குடல் சுவரில் துளை விழும் அரிய அபாயத்தைக் கூட்டுகிறது. புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் கீமோ வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் இப்போது கீமோவோடு சேர்த்து அவற்றைத் தருவது பெருகிவருகிறது. அவற்றால் வரும் பேதிக்குக் காரணம் உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே பெருங்குடலைத் தாக்குவதாகும். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். பேதியை நிறுத்தும் லோபரமைட் போன்ற மாத்திரையால் மட்டும் அதை மூடி மறைக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஒரு குறிப்பேடு

செயலிகள் பல இருக்கின்றன. இருந்தாலும் கழிவறைக் கதவுக்கு அருகே கயிற்றில் தொங்கும் பென்சிலும் ஒரு சிறு நோட்டும் அவை எல்லாவற்றையும்விடப் பயன்படும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இரவு இரண்டு மணிக்கு எழுதப்படுவதுதான் முக்கியமான பதிவு, அந்நேரத்தில் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: "9-ஆம் நாள். காலை 5.40, தண்ணீராக, மஞ்சள். 6.30, தண்ணீர், கொஞ்சம். 8.15, தண்ணீர், வயிறு முறுக்கல். லோபரமைட் 2 மாத்திரை 8.20. உடல் வெப்பம் 37.4. சிறுநீர் காலையிலிருந்து ஒருமுறை, அடர் நிறம். குடித்தது 3 குவளை. 10.50, தண்ணீர், எழுந்தபோது தலைசுற்றல்." இந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் அப்படியே வாசித்துக் காட்டினால், கேட்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சிறுநீர் குறைந்திருக்கிறது, அடர்ந்திருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்னும் மூன்று குறிப்புகளும், பேதியின் எண்ணிக்கை நான்குதான் என்றாலும், உடல் நீரிழப்பில் இறங்கிவிட்டதைக் காட்டிக்கொடுக்கின்றன.

உடல் வெப்பத்தைக் காலையும் மாலையும், உடல் சரியில்லை என்று தோன்றும்போதும் அளக்க வேண்டும். பாராசிட்டமால் விழுங்கிய பின் அளப்பதில் பயனில்லை. காய்ச்சல் மாத்திரை வெப்பத்தைத் தணித்துவிடும், நோயைத் தணிக்காது. வாந்திக்காகவோ சிகிச்சையின் பகுதியாகவோ ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் காய்ச்சலும் வயிற்று வலியும் மங்கித் தெரியும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: வயிற்றுப்போக்கைக் கையாளுதல்

முதலில் நீர். பேதியில் போவது வெறும் தண்ணீர் அன்று. சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் அதோடு போகின்றன. எனவே தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தாகம் தீரும், களைப்பும் தசைப்பிடிப்பும் தீரா. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை உறையில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, ஒரே மூச்சில் குடிக்காமல் சில நிமிடங்களுக்கு ஒரு மிடறாகப் பருகிக்கொண்டே இருக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் 6 சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பின் அளவு கூடிவிடக் கூடாது. இதய அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிபட்ட குடல் படலத்தில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்துவிடுவதால், பேதி நிற்கும்வரையும் அதன்பின் சில நாட்களும் பாலை ஒதுக்கி வைப்பது பலருக்குப் பலன் தருகிறது. எண்ணெயில் பொரித்தவை, காரம், நார்ச்சத்து மிகுந்த உணவு, காபி, மது ஆகியவற்றையும் அந்நாட்களில் விலக்கலாம். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுங்கள். பட்டினி கிடந்து குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் இருக்கும் நோயாளிக்குப் பொருந்தாது.

மலமிளக்கி ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் மலச்சிக்கலுக்கென எழுதிக் கொடுத்தது பேதி தொடங்கி இரண்டு நாளாகியும் மாத்திரைப் பெட்டியில் ஓடிக்கொண்டே இருப்பது அரிதன்று.

அடுத்தது லோபரமைட். வழக்கமான முறையில் முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு இளகிய மலத்துக்கும் பின்னர் 2 மில்லிகிராம், நாளொன்றுக்கு மொத்தம் 16 மில்லிகிராமுக்கு மேற்படாமல். இரினோடிகானின் தாமதப் பேதிக்கு மட்டும் தனி முறை உண்டு: முதலில் 4 மில்லிகிராம், அதன்பின் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லிகிராம், பேதி நின்று 12 மணி நேரம் ஆகும்வரை, ஆனால் எந்நிலையிலும் 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்த மிகை அளவை மருத்துவக் குழு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே பின்பற்ற வேண்டும். வேறொருவருக்குச் சொன்னதைக் கேட்டுச் செய்வது குடலை முடக்கிவிடும், இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும்.

லோபரமைட்டை விழுங்கக் கூடாத நிலைகளே அதை விழுங்கும் முறையைவிட முக்கியமானவை. காய்ச்சல் இருந்தால், மலத்தில் இரத்தமோ சளியோ கண்டால், வயிறு உப்பிக் கடினமாகி வலித்தால், அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால், நோயெதிர்ப்பு மருந்து எடுப்பவராக இருந்தால், முதலில் தொலைபேசி, பிறகுதான் மாத்திரை. கடைசி இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் குடலில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கலாம். கீமோ மட்டுமே எடுத்தவர்களிடமும் இது வருவதுண்டு. மலத்தைச் சோதித்தால்தான் தெரியும். வாய்வழி வான்கோமைசின் அல்லது ஃபிடக்சோமைசின்தான் இதற்கு மருந்து. அதன் வித்துக்களை ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிக் களிம்பு கொல்வதில்லை என்பதால், வீட்டில் கவனிப்பவர்கள் சோப்பும் நீரும் கொண்டே கை கழுவ வேண்டும். நோயெதிர்ப்பு மருந்தைப் பொறுத்தவரை, பேதி அடங்கியது போலத் தோன்றும்போதே உள்ளே அழற்சி முற்றிவிடக்கூடும்.

24 மணி நேரம் லோபரமைட் எடுத்தும் நிற்காத பேதி, குடித்ததைத் தக்கவைக்க முடியாத வாந்தி, 8 மணி நேரமாகச் சிறுநீரே வராத நிலை, எழுந்தால் கண் இருட்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு மருத்துவம் அத்துடன் முடிந்தது. மருத்துவமனையில் சிரை வழியே நீரும் தாது உப்புக்களும் ஏற்றுவார்கள். இரத்த அணுக்கள், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிடிவாதமான பேதிக்கு ஆக்ட்ரியோடைடை 100 முதல் 150 மைக்ரோகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை தோலடியில் ஊசியாகப் போடுவார்கள்.

ஐந்தாம் படி: மலச்சிக்கல், அதன் முகமூடி

பேதிக்கு அஞ்சும் அளவுக்கு மலச்சிக்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை. மருந்து ஏற்றிய முதல் வாரத்தில் பலரைப் படுத்துவது அதுதான். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் குடலின் அசைவையும் மந்தமாக்குகின்றன. அதோடு வலிக்கான மார்ஃபின் வகை மருந்து, குறைந்துபோன உணவு, குறைந்த நீர், படுக்கை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இரத்தத்தில் கால்சியம் கூடுவதும் மலச்சிக்கலாக வெளிப்படலாம். அத்தோடு மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், மனக் குழப்பம் ஆகியவை இருந்தால் இரத்தச் சோதனை அவசியம்.

மார்ஃபின் வகை மருந்து எழுதப்படும் அன்றே மலமிளக்கியும் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். சென்னா குடலைத் தூண்டும், மாக்ரோகால், லாக்டுலோஸ் ஆகியவை மலத்துக்குள் நீரைப் பிடித்து வைக்கும். இவற்றை அன்றாடம் ஒழுங்காக எடுக்க வேண்டும். மூன்று நாள் கழித்து ஒருமுறை விழுங்குவதால் பேதியும் சிக்கலும் மாறிமாறி வரும். இசப்கோல் போன்ற நார்ப்பொடிகள் மந்தமான குடலில், போதிய நீரும் இல்லாதபோது, களிமண்ணைப் போல இறுகிவிடும் என்பதால் மார்ஃபின் எடுப்பவர்களுக்கு ஏற்றவை அல்ல.

இனி முகமூடி. ஒருவருக்கு ஐந்து நாளாக மலமில்லை. ஆறாம் நாள் சிறிது சிறிதாக, அடக்க முடியாமல், துர்நாற்றத்தோடு நீராகக் கசிகிறது. வீட்டார் "கடைசியில் பேதியாகிவிட்டது" என்று லோபரமைட் கொடுக்கிறார்கள். உண்மையில் இறுகிப்போன மலக்கட்டி வழியை அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக மேலிருந்து நீர் மட்டும் வழிகிறது. லோபரமைட் அந்தக் கட்டியை மேலும் இறுக்கும். குறிப்பேடு இருந்தால் இந்தப் பிழை நிகழாது: பேதிக்கு முந்தைய பக்கங்கள் காலியாக இருப்பதைப் பார்த்தாலே போதும். கசிவு சிறு அளவில், அடிக்கடி வருவதும், வயிறு காலியான உணர்வே ஏற்படாததும் மற்ற அடையாளங்கள். இவர்களுக்கு மருத்துவரின் பரிசோதனைதான் முதல் தேவை.

எனிமா, ஆசனவாய் வழியே வைக்கும் மாத்திரை, விரலால் எடுத்தல், ஆசனவாய் வழியே வெப்பமானி ஆகிய எதையும் வெள்ளையணுவோ தட்டணுவோ குறைந்திருக்கும் நாட்களில் வீட்டில் செய்யவே கூடாது. மெல்லிய கீறல் ஒன்று போதும், பாக்டீரியா இரத்தத்துக்குள் போய்விடும்.

ஆறாம் படி: இரண்டாம் வாரத்தின் வலது அடிவயிறு

பல கீமோ முறைகளில் நியூட்ரோஃபில்கள் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் மிகக் கீழே இறங்குகின்றன. அந்நாட்களில் காய்ச்சலும் வலது அடிவயிற்றில் வலியும் சேர்ந்து வந்தால், நியூட்ரோஃபில் குறைவினால் வரும் குடல் அழற்சியை மனத்தில் கொள்ள வேண்டும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பை போன்ற பகுதியே இதில் முதலில் பாதிக்கப்படுகிறது. குடல்வால் அழற்சி என்றே முதலில் தோன்றும். பேதி இருக்கலாம், இரத்தம் கலந்திருக்கலாம், சிலருக்கு வயிறு உப்புவது மட்டுமே தெரியும். இரத்தப் புற்றுநோய்க்கான கடும் கீமோவில் இது அதிகம் காணப்பட்டாலும், டோசிடாக்செல் போன்ற மருந்துகளால் மற்றப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் வருகிறது.

சிடி ஸ்கேனிலோ அல்ட்ராசவுண்டிலோ குடல் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது முக்கியமான அடையாளம். வாய்வழி உணவை நிறுத்திக் குடலுக்கு முழு ஓய்வு தருவது, பலவகை பாக்டீரியாவையும் தாக்கும் ஆன்டிபயாட்டிக்கை உடனே சிரை வழியே தொடங்குவது, நீரும் தட்டணுவும் தேவைக்கேற்ப ஏற்றுவது, வெள்ளையணு உற்பத்தியைத் தூண்டும் ஊசியைச் சிலருக்குப் போடுவது ஆகியவை இதன் மருத்துவம். குடல் துளைபட்டாலோ இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோதான் அறுவைச் சிகிச்சை. கொலோனோஸ்கோப்பி இந்நிலையில் துளை விழச் செய்யும் என்பதால் தவிர்க்கப்படும்.

வீட்டில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே எண்: 38. வெப்பம் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், 38.0-இல் ஒரு மணி நேரம் நின்றாலும், நேரத்தைப் பார்க்காமல் புறப்படுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இவர் கீமோ எடுப்பவர், இன்று பத்தாம் நாள், காய்ச்சல் இருக்கிறது." இந்த நிலையில் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் போடப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது இங்கே பண்பாகாது.

ஏழாம் படி: அடைப்பும் துளையும்

அலையலையாக வந்து போகும் வயிற்று முறுக்கல், ஏறிக்கொண்டே போகும் உப்புசம், பச்சை நிற வாந்தி, மலத்தோடு காற்றும் பிரியாமை ஆகியவை குடல் அடைப்பைக் காட்டுகின்றன. சூலகம் (ஓவரி), பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோயில் கட்டியே அழுத்துவதாலோ, பழைய அறுவைச் சிகிச்சையின் வடுக்கள் குடலை ஒட்டவைத்து முறுக்குவதாலோ இது நேரலாம். இந்த நேரத்தில் மலமிளக்கி கொடுப்பது அடைபட்ட குழாய்க்குள் அழுத்தத்தை ஏற்றுவதற்குச் சமம். காற்று பிரிகிறதா என்ற கேள்வி கேட்கச் சங்கடமானது. மலச்சிக்கலையும் அடைப்பையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய அதைவிட எளிய வழி இல்லை.

திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற வலி, அசைந்தால் கூடுவது, வயிறு பலகைபோல் இறுகுவது ஆகியவை துளைக்கு அடையாளம். வாய்க்கு எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவரிடம் பெவாசிசுமாப், ஸ்டீராய்டு ஆகியவற்றின் பெயரையும் கடைசியாக எடுத்த தேதியையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: தோல், ஆசனவாய், கழிவறை

அடிக்கடி போகும்போது ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் மென்துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவுவது போதுமானது. ஆனால் ஆசனவாய்க்கு அருகே புதிதாக வலியோ கடினமோ தோன்றினால் "சீழ் இல்லையே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சீழை உண்டாக்குவதே வெள்ளையணுக்கள்தாம். அவை இல்லாத உடலில் கட்டி சீழ் வைக்காமல் வலியாகவும் சிவப்பாகவும் மட்டுமே தெரியும்.

மருந்து ஏற்றிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் மலத்திலும் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் வெளியேறும். கவனிப்பவர்கள் கையுறை அணிய வேண்டும். கழிவறையில் மூடியிருந்தால் அதை மூடி இரண்டு முறை நீர் விட வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் இந்த வேலையில் ஈடுபடாமல் இருப்பது நல்லது.

புரோபயாடிக் மாத்திரைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். உயிருள்ள நுண்ணுயிரைக் கொண்டவை அவை; குடல் படலம் மெலிந்து வெள்ளையணுவும் குறைந்திருக்கும் ஒருவருக்கு அவையே இரத்தத் தொற்றாக மாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: அடுத்த சுற்றுக்கு முந்தைய சந்திப்பு

குறிப்பேட்டை மருத்துவரின் மேசையில் விரித்து வையுங்கள். மருந்தளவைக் குறைத்துவிடுவார்களோ என்று பேதியை மறைப்பவர்கள் அநேகர். அளவைச் சற்றுக் குறைத்தோ, ஒரு வாரம் தள்ளிவைத்தோ, துணை மருந்தைச் சேர்த்தோ சிகிச்சையைக் கடைசிவரை கொண்டுசெல்ல முடியும். முழு அளவை இரண்டு சுற்று வாங்கிக்கொண்டு மூன்றாவதில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதில் யாருக்கும் பயனில்லை. சென்ற சுற்றின் பேதி முற்றிலும் நின்று, லோபரமைட் இல்லாமலே குடல் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரே அடுத்ததைத் தொடங்குவது பொதுவான நெறி. எனவே ஏற்றும் நாளின் காலையில் வந்த இளகிய மலத்தையும் சொல்லியாக வேண்டும்.

நோயெதிர்ப்பு மருந்து எடுத்தவர்கள் பணப்பையில் உள்ள துண்டுச் சீட்டைச் சிகிச்சை முடிந்த பிறகும் எடுத்து எறிய வேண்டாம். பெருங்குடல் அழற்சி கடைசி ஊசிக்குச் சில மாதங்கள் கழித்தும் தோன்றக்கூடும். அப்போது புற்றுநோய் மருத்துவரை அறியாத ஒரு புதிய மருத்துவர்தான் உங்கள் பேதியைப் பார்க்க நேரலாம், அந்தச் சீட்டில் உள்ள பெயரும் தேதியும் அவர் கையில் இருக்க வேண்டும்.